இதய மாற்றுக்குச் சென்னை போகும் முன் கேட்க வேண்டியவை

இதயம் மாற்றுகிற சத்திரசிகிச்சை என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது, "எத்தனை மணித்தியாலம்? எவ்வளவு காசு?" என்றுதான். அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்காரரே பதில் வைத்திருப்பார்கள். நாங்களாகக் கேட்டால் மட்டும் வெளியில் வரும் விஷயங்கள் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடும் தாய் தகப்பனுக்காக அவற்றை எழுதுகிறேன்.

என் மகளுக்கு இதயத்தசை பலமிழந்து இடது கீழறை விரிந்துபோகிற நோய். கொஞ்சக் காலம் மருந்தோடு இழுத்தோம். பிறகு கொழும்பில், இனி மாற்று இதயம்தான் வழி என்றார்கள். இலங்கையின் முதல் இதய மாற்று 2017இல் கண்டியில் நடந்தது. ஆனால் சிறுபிள்ளையின் அளவுக்கு ஓர் இதயம் வேண்டுமென்றால் உறுப்புத் தானம் அதிகம் நடக்கும் இடத்தில்தான் காத்திருக்க வேண்டும். அதனால் சென்னை.

அங்கே 2008இல் ஹிதேந்திரன் என்ற மாணவனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது, அவனுடைய இதயம் ஒரு சிறுமிக்குத்தான் போனது. உறுப்புகளை அரசாங்கப் பட்டியல்படி பங்கிடுகிறார்கள். முதலில் இந்தியர்கள். அவர்களில் எவருக்கும் பொருந்தாவிட்டால்தான் வெளிநாட்டவர். தமிழ் கதைக்கிறோம் என்பதற்காக ஒரு சலுகையும் இல்லை, அது நியாயமும்தான். வாடகை வீடு, விசா, மற்றப் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கணக்குகளை எல்லாம் இதை மனதில் வைத்தே போடுங்கள்.

பட்டியலில் சேர்க்கும் முன் குழாய் விட்டு நுரையீரல் இரத்தக்குழாய்களின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். அது மிகவும் கூடி, மருந்துக்கும் இறங்காவிட்டால், புதிய இதயத்தின் வலது பக்கம் தாக்குப்பிடிக்காது. இந்த முடிவு வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொன்று எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. மகளின் இதயம் பெருத்திருந்ததால் நெஞ்சுக்குள் இடம் கூட. அவளை விட நிறை கூடிய ஒரு பிள்ளையின் இதயத்தையும் வைக்கலாம் என்றார்கள்.

எப்படித் தைப்பீர்கள் என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டேன். எக்கோ ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். 1960களில் ஷம்வே, லோவர் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் வகுத்த பழைய முறையில், பிள்ளையின் இரண்டு மேலறைகளின் பின்சுவரையும் விட்டுவிட்டு, புதிய இதயத்தின் மேலறைகளை அதோடு பொருத்துவார்களாம். இப்போது பெரும்பாலும் இடது பக்கத்தை மட்டும் அப்படித் தைத்து, வலது பக்கத்தில் மேல் பெருநாளத்தையும் கீழ் பெருநாளத்தையும் தனித்தனியே இணைக்கிறார்கள். மேலறையின் வடிவம் கெடாததால் வால்வு ஒழுகுவதும் பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் குறைவு. "ஆனால் அம்மா, சின்னப் பிள்ளைக்கு மேல் நாளம் சிறியது. தைத்த இடம் பிறகு சுருங்கலாம். அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம்" என்றார். கைக்குழந்தைகளுக்குச் சில வேளை பழைய முறையையே எடுக்கிறார்களாம். பிறவிக் குறைபாட்டுக்கு ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்த பிள்ளை என்றால், கொடையாளியின் இரத்தக்குழாய்களையும் நீளமாக எடுத்துவர வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இதயம் மாற்றிய இரவைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எடுத்த இதயத்தை நாலு மணித்தியாலத்துக்குள் ஓட வைக்கப் பார்ப்பார்கள், அதனால் எல்லாம் ஓட்டமாகவே நடந்தது.

எங்களுக்கு உண்மையான வேலை பலாலியில் வந்து இறங்கிய பிறகுதான். உடல் புதிய இதயத்தை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் குளுசை 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் காலைக் குளுசைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டும். குளுசையைக் கொடுத்துவிட்டுப் போனால் கணக்குப் பிழைத்துவிடும். பம்பளிமாசு கூடாது, மருந்தின் அளவை ஏற்றிவிடும். இருமலுக்கு எழுதுகிற எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் அப்படித்தான். காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு அடி. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தடுப்பூசிகளைச் சென்னை டொக்டர்மாரைக் கேட்காமல் போட முடியாது. சொந்தக்காரர் அன்போடு காய்ச்சிக் கொண்டுவரும் மூலிகைக் குடிநீரை மறுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "இவளுக்குப் பெரிய படிப்பு" என்று ஒரு மாமி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.

உடல் இதயத்தை நிராகரிக்கத் தொடங்கினால் நெஞ்சு நோகும் என்று நினைக்காதீர்கள். நரம்புத் தொடர்பை வெட்டித்தான் இதயத்தை வைக்கிறார்கள். பிள்ளைகளில் வயிற்றுநோ, சத்தி, சோர்வு என்றுதான் அது பெரும்பாலும் வெளியே தெரியும். ஆண்டுதோறும் அஞ்சியோகிராம் செய்வதும் இதனால்தான். புதிய இதயத்தின் இரத்தக்குழாய்கள் நோவு காட்டாமலே மெல்ல மெல்ல ஒடுங்கக்கூடும்.

எத்தனை வருடம் இருப்பாள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். கைக்குழந்தையாக இருக்கும்போது இதயம் மாற்றியவர்களில் பாதிப் பேர் 20 வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். பதின்ம வயதில் மாற்றியவர்களுக்கு அது 15 வருடங்களை ஒட்டி நிற்கிறது. அம்மம்மா இதைக் கேட்டு "அவ்வளவுதானா?" என்று அழுதா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதிப் பேர் அதையும் தாண்டுகிறார்கள், மறுபடி மாற்றுவதும் நடக்கிறது. என் பயம் எல்லாம் பதின்ம வயதைப் பற்றித்தான். குளுசையைக் களவாக விட்டுவிடுகிற வயது அதுதான் என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். அதனால் இப்போதே குளுசைப் பெட்டியை அவளே ஞாயிறுதோறும் அடுக்குகிறாள், நான் எண்ணிப் பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து வெளிக்கிடும் முன் இரண்டு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஒன்று ஊரில் பார்க்கிற டொக்டருக்கு, கொடுக்கக்கூடாத மருந்துகளின் பெயரோடு. மற்றது பள்ளிக்கூடத்துக்கு. நரம்பில்லாத இதயம் சும்மா இருக்கும்போது கொஞ்சம் வேகமாக அடிக்கும், ஓடத் தொடங்கினால் வேகமெடுக்க நேரம் பிடிக்கும். விளையாட்டு சேருக்கு அந்தக் கடிதம் இல்லாமல் இதை விளங்கப்படுத்தவே முடியாது. இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓட்டத்துக்கு அவளைச் சேர்க்கவில்லை. அஞ்சலோட்டத்துக்கும் இல்லை. அணிநடைக்குச் சேர்த்தார், அதற்கு முன் பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடக்கவும் விட்டார்.