1909-க்குப் புகார் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் போட்டால் தொல்லை அழைப்பு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. 1997-இல் சட்டம் போட்டு அமைத்த அந்த ஆணையம் தனிநபர் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. விதி போடுவது அது. புகாரை வாங்கி நடவடிக்கை எடுக்க வேண்டியது உங்கள் சிம் நிறுவனம். அதற்கான வாசல்தான் 1909.

முதலில் ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். காசு கிடையாது. எல்லா விளம்பரத்துக்கும் தடை விழும். இதற்குப் பெயர்தான் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) பதிவு. ரியல் எஸ்டேட், கல்வி என்று சில வகைகளை மட்டும் தடுக்கவும் வழி உண்டு.

பதிந்த பிறகும் மெசேஜ் வந்தால், அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். கோடு போட்டு ‘பி’ என்றிருந்தால் விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. டிஎன்டி தடுப்பது ‘பி’யைத்தான். ஓடிபி வருகிறதே என்று புகார் செய்தால் எடுபடாது. ஆனால் ‘எஸ்’ போர்வையில் பர்சனல் லோன் விற்றால் அது மீறல், விடாதீர்கள். விளம்பர அழைப்புக்கு 140-இல் தொடங்கும் எண்தான். சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து மனை விற்பவர் விதிக்கு வெளியே நிற்கிறார்.

புகார் எஸ்எம்எஸ்ஸின் வடிவம் இது: வந்த மெசேஜின் வாசகம் (அழைப்பு என்றால் எதைப் பற்றி என்று ஒரு வரி), கமா, அனுப்பியவர் பெயர் அல்லது எண், கமா, தேதி. தேதியை 14/06/25 என்ற மாதிரி போடவும். பல புகார்கள் சொதப்புவது இங்கேதான். மெசேஜை அப்படியே ஃபார்வர்டு செய்தால் அனுப்பியவர் பெயர் கூடவே போகாது. இரண்டு சிம் போன் வைத்திருப்பவர்கள், தொல்லை எந்த சிம்முக்கு வந்ததோ அதிலிருந்தே அனுப்ப வேண்டும். கை தவறி மற்றதிலிருந்து போய்விடும். கைக்கடக்கமாகச் செய்ய டிராயின் டிஎன்டி செயலி பரவாயில்லை.

முன்பு மூன்று நாளுக்குள் புகார் தர வேண்டும். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் அதை ஏழு நாளாக்கியது. விளம்பரம் செய்பவராகப் பதியாத எண்ணிலிருந்து வரும் தொல்லைக்கு டிஎன்டி பதிவு இல்லாதவர்களும் புகார் தரலாம். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த எண்மீது நடவடிக்கை தொடங்கும். முன்பு ஏழு நாளில் பத்து வேண்டும். அதனால் ஒரே நம்பர் தெருவில் எல்லோரையும் அழைத்தால் ஆளுக்கொரு புகார் போடச் சொல்லுங்கள். முதல் முறை பிடிபட்டால் 15 நாள் வெளி அழைப்பு முடக்கம். மீண்டும் செய்தால் ஓராண்டுக்கு எல்லா இணைப்பும் துண்டிப்பு.

மோசடி அழைப்பை இதில் கலக்காதீர்கள். அது தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதிக்கு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. “டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் கட்” என்று வரும் அழைப்பும் இந்த வகைதான். டிராய் யாருக்கும் அப்படிப் போன் போடுவதில்லை.