மாமரத்துக் கம்பியும் தென்னையில கொத்தின படியும்

போன கிழமை அக்காட மகள் ஏ எல் பயோ (உயர்தர உயிரியல்) நோட்டோட வந்து, மாமா மரத்துக்குள்ள இருக்கிற இந்த காழ், உரியம், மாறிழையம் எண்ட இழையமெல்லாம் எத்தின தரம் பாடமாக்கினாலும் நிக்குதில்ல எண்டா. நோட்ட மூடு புள்ள, வளவுக்க வா எண்டு கூட்டிட்டுப் போனன், எங்கட களுவாஞ்சிகுடி வளவுல இதெல்லாம் கண்ணால பாக்கலாம்.

முதல்ல மாமரம். உடுப்புக் காயப்போட எப்பவோ சுத்திக் கட்டின கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சு கிடக்கு, கம்பிக்கு மேல மரம் வளையம் மாதிரி வீங்கி இருக்கு, கீழ ஒடுங்கிப் போச்சு. தடவிப் பார் எண்டன். 1670கள்ல இத்தாலில மல்பீகி எண்ட டொக்டர் மரத்துப் பட்டைய வளையமா உரிச்சுப் பாத்தவர், அவருக்கும் மேல் பக்கம்தான் வீங்கினது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டையோட இருக்கிற உரியத்தாலதான் வேருக்கு இறங்குது, அத நெரிச்சா மேல தேங்கும், வேர் பட்டினி. தண்ணி உள்ளுக்க இருக்கிற காழால ஏறுறபடியா இலை கனநாளைக்குப் பச்சையாத்தான் நிக்கும், அதால மரம் சாகிறது எங்களுக்கு விளங்குறதில்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை.

அடுத்தது அப்பப்பாட தென்னை. 1978 நவம்பர் சூறாவளில சரிஞ்சது, பிறகு குருத்து மட்டும் நிமிந்து வளந்து இப்ப நடுவுல வளைஞ்சு நிக்கு. ஏறுறதுக்கு அப்பப்பா கத்தியால கொத்தின படி இன்னும் அப்படியே இருக்கு, விளிம்பு கூட மூடல்ல. மாமரமெண்டா காழுக்கும் உரியத்துக்கும் நடுவுல இருக்கிற மாறிழையம் புதுசு புதுசா இழையம் போட்டு காயத்த மூடியிருக்கும், தென்னை ஒருவித்திலை, அதாவது விதைக்குள்ள ஒரு வித்திலை மட்டும் இருக்கிற இனம், அதுக்கு மாறிழையமே இல்ல, வருச வளையமும் இல்ல. தென்னங்குத்திய வெட்டினா முகத்துல புள்ளி புள்ளியாத் தெரியுமே, அதுதான் கலன்கட்டு, ஒவ்வொண்டுக்குள்ளயும் காழும் உரியமும் சேந்தே இருக்கும். ஜெர்மன்காரர் ஹூகோ ஃபொன் மோல் 1831லயே பனை, தென்னை இனங்கள்ட தண்டு எப்படி அமைஞ்சிருக்கு எண்டு எழுதி வச்சிருக்கார். கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறி இருக்கிறதால வெளிய நாலு அறுந்தாலும் உள்ள இருக்கிறது வேலை செய்யும், இப்பவும் காய்க்குது. ஆனா காயம் காயம்தான், அதுக்குள்ள செவ்வண்டு முட்டை போடும், புழு குடைஞ்சு ஒரேயொரு குருத்தையும் திண்டா மரம் முடிஞ்சுது, தென்னைக்கு வேற கொப்பு இல்லையே.

அக்காட மகள் நோட்டுல ரெண்டு மரத்தையும் கீறிக்கொண்டிருக்க நான் குறட்டால கம்பிய வெட்டினன். வெளிய தெரிஞ்சது வந்துட்டு, பட்டைக்குள்ள போனது வரல்ல, இழுத்தா இன்னும் கிழியும் எண்டு விட்டுட்டன். உடுப்புக் கொடிய இப்ப ரெண்டு சீமெந்துத் தூண்ல கட்டியிருக்கம்.