தூணுக்குப் பின்னால் கொரெல்லி

டிசம்பரில் ரோமுக்குப் போனேன், மழை விடவே இல்லை. மதியம் பாந்தியன், பழைய ரோமானியக் கோயில், இப்போது தேவாலயம். 5 யூரோ டிக்கெட். கூரை நடுவிலுள்ள திறந்த வட்டத்தின் வழியாக மழை நேராக உள்ளே விழுகிறது; தரையிலிருக்கும் சின்னத் துளைகளில் வடிந்து போகிறது. கூட்டமெல்லாம் ஓவியர் ரஃபேலின் கல்லறை முன்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் தேடிப்போனது 1713இல் இறந்து அங்கேயே அடக்கமான வயலின்காரரும் இசையமைப்பாளருமான ஆர்காஞ்சலோ கொரெல்லியை. அவர் பக்கம் ஒருவரும் இல்லை.

அன்றிரவு ஒரு சின்னத் தேவாலயத்தில் அவர் எழுதிய கிறிஸ்துமஸ் கொன்செர்ட்டோ, வயலின் குடும்பத்து வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசை. டிக்கெட் விற்றவர் தூணைப் பற்றி மூச்சுவிடவில்லை. போய் உட்கார்ந்தால் பாதி மேடை மறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது நான்கைந்து வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, ஓரத்தில் ஆள் உயர டபுள் பேஸ் ஒன்று, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சில விநாடி பாய்ந்து வாசித்தார்கள், உடனே மெதுவான பகுதி. அங்கே கொரெல்லி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: வில்லை நீளமாக இழுங்கள், எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள். சொந்தச் சங்கதி எதுவும் வேண்டாமாம். ஒரு சுரம் நகராமல் நிற்க, இன்னொன்று அதன்மேல் வந்து உரசுகிறது. அந்த உரசலுக்காகவே டிக்கெட் காசு தரலாம்.

அப்புறம் வேகம் எடுத்தது. திடீரென்று என் கண்ணுக்குத் தெரிந்த வயலின்காரர்கள் வில்லை முழங்காலில் வைத்துவிட்டார்கள். வயலின் சத்தம் மட்டும் நிற்கவில்லை! ஸ்பீக்கர் வைத்து ஏமாற்றுகிறார்களோ என்றுகூடத் தோன்றியது. சரி, விஷயம் இதுதான்: இது கொன்செர்ட்டோ குரோஸோ. இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் கொண்ட சிறு குழு ஒன்று, அதைச் சுற்றிப் பெரிய குழு. இரண்டு குழுவும் மாறி மாறியும் சேர்ந்தும் வாசிக்கும். சிறு குழுவின் மூவரும் தூணுக்கு அந்தப் பக்கம். அவர்கள் தனியாகப் போகும்போது சத்தம் சட்டென்று ஒல்லியாகிறது. மற்றவர்கள் நுழைந்ததும் என் நாற்காலி வரை அதிர்கிறது.

இதில் வேடிக்கை, இதையும் சேர்த்து 12 கொன்செர்ட்டோக்கள் அடங்கிய நூலின் (கொரெல்லி இறந்த மறு வருஷம், 1714இல், ஆம்ஸ்டர்டாமில் அச்சானது) முகப்பிலேயே அந்த மூவர்தான் கட்டாயம் என்று இருக்கிறது. பெரிய குழு உங்கள் இஷ்டம். வேண்டுமானால் ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆக, காசு கொடுத்து நான் பார்த்துக்கொண்டிருந்தது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற பகுதியை!

கடைசியில் வரும் மேய்ப்பர் இசையும் அப்படி இஷ்டம்போல்தான், விட்டுவிடலாம். நல்லவேளை, விடவில்லை. டபுள் பேஸ்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, மேலே வயலின்கள் தாலாட்டுப்போல ஆடின. கிறிஸ்துமஸ் சமயத்தில் மலையிலிருந்து ரோமுக்கு இறங்கிவரும் மேய்ப்பர்களின் தோல்பை ஊதுகுழல் அதில் கேட்கிறது. முடிவு ஆர்ப்பாட்டமாக இல்லை. தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

கைதட்டும்போது எழுந்து தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். வணக்கம் சொல்லி முடித்திருந்தார்கள். செல்லோ வாசித்த அம்மா குனிந்து, தந்திகளில் ஒட்டியிருந்த, வில்லுக்குப் பூசும் பிசினின் வெள்ளைப் பொடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.