ஓப்பன் வாட்டர் தேறியாச்சு: எடையைப் பிரித்துக் கட்டுங்கள்

ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டருக்கு நேற்று சான்றிதழ் வந்தது. இரண்டாம் முறையில்தான். எழுத்துத் தேர்வு பெரிய விஷயமில்லை. மாஸ்க் கழற்றுவதும் பழகப் பழக வந்துவிடும். என்னைத் தடுத்தது எடை, அதாவது மிதக்காமல் தண்ணீருக்குள் இறங்க உடம்பில் கட்டும் ஈயக்கட்டி.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவன் நான். தண்ணீரென்றால் பயமில்லை. ஆனால் நீச்சல் குளத்தில் போதுமாயிருந்த 4 கிலோவோடு புதுச்சேரிக் கடலில் இறங்கவே முடியவில்லை. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானுமாக 90 கிலோ என்றால் இன்னும் 2 கிலோவுக்கு மேல் வேண்டும். சரி, 6. படபடப்பில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்து மிதந்தேன், 8 ஆக்கிவிட்டார்கள். எட்டும் இடுப்பு பெல்ட்டிலேயே.

10 மீட்டர் ஆழத்தில் வெட்சூட் (மிதக்கும் ரப்பர் உடை) அமுங்கி மெலிந்து, பெல்ட் தளர்ந்தது. நிமிர்ந்தபோது கை தட்டி பக்கிள் திறந்துகொண்டது. மொத்தமும் போய்விட்டது. சிலிண்டரிலும் காற்று 70 பார் அழுத்தம்தான் மீதி. மூச்சை விட்டுக்கொண்டே மேலேறினேன். இன்ஸ்ட்ரக்டர் காலைப் பிடித்து வேகத்தைக் குறைத்தார். அந்த டைவ் கணக்கில் சேரவில்லை.

அப்புறம் நோட்டில் கணக்குப் போட்டேன். எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தைரியம் வரும், நீங்களும் எழுதுங்கள். எடை கட்டுவது டைவ் முடிவில், 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் நிற்பதற்காக. 11 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் இருந்தால் தொடக்கத்தில் காற்றே 2 கிலோ கூடுதல். ஆழத்தில் என் 3 மி.மீ. சூட் இழக்கும் மிதப்பு ஒரு கிலோ. ஆக 3 கிலோதான் என்னைக் கீழே இழுக்கும். பிசிடி (காற்று நிரப்பி மிதக்கும் ஜாக்கெட்) கிழிந்தாலும் 4 கிலோவை விட்டால் மேலே வந்துவிடுவேன். படபடப்பில் ஏற்றிய 2 கிலோ தேவையில்லை, மொத்தம் 6 போதும். அதனால் பெல்ட்டில் 4, சிலிண்டர் பட்டையில் 2. பெல்ட் தவறி நழுவினாலும் எட்டு கிலோ வேகத்தில் ஏறமாட்டேன்.

- பெல்ட்டுக்கு மேல் வேறெந்த வாரும் வரக்கூடாது. வலது கையால் திறக்க வேண்டும்.
- இறங்கும்போது 5 மீட்டரில் நின்று பெல்ட்டை ஒருமுறை இறுக்குங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.
- நீர்மட்டத்தில் திணறினால் யோசிக்காமல் கழற்றி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து விடுங்கள். இறந்து மீட்கப்பட்ட டைவர்கள் பலரின் இடுப்பில் பெல்ட் அப்படியே இருந்திருக்கிறது.
- ஆழத்தில் கழற்றுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

மறுமுறை போனபோது இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க இன்ஸ்ட்ரக்டரிடம் நானே கேட்டுக்கொண்டேன். படகோரத்தில், நிறைந்த சிலிண்டரோடு, பிசிடியைக் காலியாக்கிவிட்டு 4 கிலோவை அவர் கையில் கொடுத்தேன். வாய் தண்ணீருக்கு மேலேயே நின்றது.