நாயின் இமையில் கட்டியா? சின்னதாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள்

நாய்க்கு வயதாகும்போது இமை ஓரத்தில் மரு மாதிரி ஒன்று முளைப்பது சகஜம். பார்த்ததுமே புற்றுநோயோ என்று பதறுகிறவர்கள் எப்படியும் டாக்டரிடம் போய்விடுவார்கள். "சின்ன மருதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நாய்களின் இமையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை வேறு இடத்துக்குப் பரவாதவை. (பூனைக்கு இந்தத் தைரியத்தைச் சொல்ல முடியாது, அவற்றுக்கு வருவதில் மோசமானவைதான் அதிகம்.) கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகள் இமை விளிம்பில் வரிசையாக இருக்கின்றன, அவற்றிலிருந்து கிளம்பும் அடினோமா என்ற பரவாத கட்டிதான் அடிக்கடி வருவது. எங்கள் நாய்க்கு டாக்டர் இமையை மெதுவாகப் புரட்டிக் காட்டினார், வெளியே கடுகளவு தெரிந்தது உள்பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாக நீண்டிருந்தது. கறுப்பாக இருந்தால் நிறமி செல்களிலிருந்து வரும் மெலனோசைட்டோமா என்ற கட்டியாக இருக்கலாம். சுரப்பி அடைத்துக்கொண்டு வீங்கும் சலேசியானும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்.

கட்டியை மட்டும் பார்த்து அனுப்பிவிட மாட்டார்கள், அது கருவிழியில் உரசிப் புண்ணாக்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 1 நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைந்தால் கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஃப்ளோரசீன் சாயம்: கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். கட்டி பெரிதாக இருந்தால் ஊசியால் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆனால் இமையில் வருவதெல்லாம் பெரும்பாலும் பொடிசு என்பதால் மொத்தமாக வெட்டியெடுத்துச் சோதிப்பதுதான் வழக்கம்.

ஏன் காத்திருக்க வேண்டாம் என்கிறேன் என்றால், கட்டி இமை நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை ஆப்பு வடிவத்தில் வெட்டி இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடலாம், இமையும் முன்போலவே மூடித் திறக்கும். அதைத் தாண்டிவிட்டால் பக்கத்துத் தோலை நகர்த்தி இமையையே புதிதாக அமைக்க வேண்டிவரும், அதுவும் வயதான நாய்க்கு நீண்ட நேரம் மயக்கம் கொடுத்து. திடீரென்று வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, வெட்டியதைக் குப்பையில் போட விடாதீர்கள். என்ன கட்டி என்று உறுதியாகச் சொல்வது திசுப் பரிசோதனைதான், கண்ணால் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகம். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அறிக்கை வந்ததும் கட்டியின் பெயரோடு நின்றுவிடாமல், வெட்டிய ஓரங்களில் கட்டியின் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள், இருந்தால் அதே இடத்தில் திரும்ப வர வாய்ப்பு உண்டு.