சீரகச் சம்பா பிரியாணி: உலை உப்பு ஒருவழியாகப் பிடிபட்டது

இந்த ஞாயிற்றுக்கிழமை தம் உடைத்து முதல் வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. சோற்றிலும் கறியிலும் உப்பு கச்சிதம். ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ ஆட்டுக்கறி, மொத்த உப்பு 45 கிராம். வீட்டில் யாரும் உப்பு டப்பாவைத் தேடவில்லை, அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை!

சமையல் குறிப்புகளில் கசகசாவுக்குக்கூட அளவு இருக்கும், உப்பு மட்டும் ‘தேவையான அளவு’. குழம்பு என்றால் கொதிக்கக் கொதிக்கச் சேர்க்கலாம். பிரியாணியில் அரிசி வெந்து தம்மில் உட்கார்ந்த பிறகு என்ன செய்ய? அதனால்தான் தராசைக் கையில் எடுத்தேன். அரிசி, கறி, வெங்காயம், தக்காளி, தயிர், எண்ணெய், தண்ணீர் எல்லாம் சேர்த்து நாலே முக்கால் கிலோ. உப்பு அதில் நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. 15 கிராம் கறியோடு வதக்கும்போதே, மீதி 30 தண்ணீர் ஊற்றிய பின்.

தராசு பாதி வேலைதான் செய்யும். தக்காளிப் புளிப்பு, தயிர்ப் புளிப்பு நாளுக்கு நாள் மாறுமே. அரிசி போடும் முன் உலையை ருசி பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு பிழிந்த பிறகே பார்க்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டி முதுகால் ஒதுக்கி, அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தட்டில் ஊற்றி, வெதுவெதுப்பாகும் வரை பொறுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க நக்கினால் நாக்கு சுடுவது மட்டும்தான் தெரியும். எண்ணெய் படிந்த நாக்குக்கும் உப்பு மந்தமாகத்தான் தெரியும். ரசமாகக் குடித்தால் ‘ஐயோ, தூக்கல்’ என்று சொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும், அரிசி மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். உலை கடல் தண்ணீர் மாதிரி கரிக்கணும் என்பார்கள். நம்பாதீர்கள். கடல் நீரில் உப்பு 3.5 சதவீதம், என் உலையில் 1.3 சொச்சம்தான். வடிக்காத பிரியாணியில் கடல் நீர் அளவுக்கு உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.

உப்பு வாங்கும் கதை தனி. ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். கல் உப்பு இடைவெளி விட்டு நிற்பதால் அதே கரண்டியில் குறையும், கல்லின் பருமனைப் பொறுத்து மாறும். நான் தூத்துக்குடி கல் உப்பை மொத்தமாக வாங்கி, வெயிலில் உலர்த்தி, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் கடையில் நீர் கோத்த உப்பைத் தலையில் கட்டுகிறார்கள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. எடைக்கணக்கும் கெட்டுப்போகிறது.

அரை கிலோவுக்கு இந்தக் கணக்கு அப்படியே நிற்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. அதற்குள் மனசு ஆம்பூர் முறைக்குப் போய்விட்டது. அங்கே அரிசியைப் பாதி வேகவைத்து வடிப்பதால் போட்ட உப்பில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். வடித்த தண்ணீரையும் அளந்து, ருசி பார்த்து எழுதிவைக்கப் போகிறேன். அதற்குத் தோதான அகல வாய்க் குண்டானும் பெரிய வடிதட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன்.