ஏசி வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், படுக்கையறையில் மட்டும் இரவு பதினொரு மணி வரை அனல் இறங்கும். ஃபேனைப் போட்டால் அதுவும் சூடான காற்றைத்தான் கீழே தள்ளும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல் போல, மாலையில் தொடங்கி உள்பக்கமாகச் சூட்டை விடுவதுதான் காரணம். இந்த நிலையில் ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினாலும், அது பாதி நேரம் அறையைக் குளிர்விக்காமல் தளத்தோடுதான் மல்லுக்கட்டும். அதனால் மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது மொட்டை மாடியைத்தான்.

நம் ஊரில் சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். மழைக்கறை படிந்து கறுத்த சிமென்ட் தளம் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கோடை மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதே தளத்தில் நல்ல வெள்ளைப் பூச்சு இருந்தால் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், வெறுங்காலோடு நடக்கலாம். அறைக்குள் 2 முதல் 4 டிகிரி குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். பத்து டிகிரி குறையும் என்கிற விளம்பரங்கள் பெரும்பாலும் தளத்தின் மேற்பரப்பு வெப்பத்தைச் சொல்கின்றன, அறையின் வெப்பத்தை அல்ல. தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது.

குறைந்த செலவில் முடிப்பது சுண்ணாம்பு. 1000 சதுர அடித் தளத்துக்கு மூன்று கோட் அடிக்க 25 கிலோ சுண்ணாம்பு வேண்டும், கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. தாளிக்காத, அதாவது இன்னும் தண்ணீரில் நீற்றாத, கல் சுண்ணாம்பு என்றால் இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பெயின்ட் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பசை இரண்டு கிலோ அளவுக்குக் கலந்துகொள்ளலாம். பசை அதிகமானால் பூச்சு தோல் போல உரியும்.

அடிக்கும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு, முதல் கோட்டையே கெட்டியாக அடிப்பது. ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணாடி போலத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இது தெரியாமல் "வெள்ளையே வரலையே" என்று அள்ளி ஊற்றினால், காய்ந்ததும் வெடித்து மாவாக உதிரும். தளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, லேசாக ஈரம் இருக்கும்போதே, வெயில் சாய்ந்த பிறகு, பாலைவிடச் சற்றே கெட்டியான பதத்தில் அடியுங்கள். ஒரு கோட் கிழக்கு மேற்காக என்றால் அடுத்தது வடக்கு தெற்காக. உச்சி வெயிலில் அடித்தால் தண்ணீர் சட்டென்று வற்றிவிடும், சுண்ணாம்பு தளத்தில் பிடிக்காது.

சுண்ணாம்பு ஒரு வருடச் சமாச்சாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கரைந்துவிடும். அதனால் அதைப் பிப்ரவரி, மார்ச்சில் அடிப்பதுதான் சரி. மழைநீர் சேகரிப்புக் குழாய் நேராகச் சம்ப்புக்குப் போகும் வீடுகளில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: அடித்த பிறகு வரும் முதல் இரண்டு மூன்று மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் சம்ப்பில் சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் காரத்தன்மை ஏறிவிடும். குழாயில் திருப்புவதற்கான வால்வு இல்லை என்றால் முதலில் அதைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

சில வருடங்கள் நிற்க வேண்டும் என்றால் கூரைக்கென்றே வரும் எலாஸ்டோமெரிக் (ரப்பர் போல இழுபடும்) வெள்ளைப் பூச்சு. 1000 சதுர அடிக்கு இரண்டு கோட் அடிக்க 20 லிட்டர் டிரம் இரண்டாவது தேவைப்படும். ஒரு டிரம்மிலேயே முடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் தண்ணீர் கலக்கப் போகிறார் என்று அர்த்தம். சுண்ணாம்புக்கு ஈரம் வேண்டும், இதற்கு ஈரமே ஆகாது. தளத்துக்குள் ஈரம் இருக்கும்போது மூடினால், வெயிலில் அது ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பும். ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

பூச்சுக்கு முன் விரிசல்களை அப்படியே மேலோடு மெழுகாமல், உளியால் அரை அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் வெட்டி, தூசி ஊதி, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் ஒழுகல் ஆரம்பிக்கும். அங்கே ஃபைபர் வலையைப் பதித்து, சுவரில் ஆறு அங்குலம் ஏற்றி அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சு போட்டாலும் முதலில் உரிவது அந்த இடம்தான். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை மாடியில் அடித்து ஏமாறாதீர்கள், தேங்கும் தண்ணீரைத் தாங்க அது செய்யப்படவில்லை.

தட்டோடு பதித்த பழைய தளம் என்றால் ஓடுகளுக்கு நடுவே உள்ள சந்துகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசிய பிறகே எதையும் அடிக்கலாம். உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிப்பது பல வருடம் உழைக்கும், வெயிலையும் நன்றாகத் திருப்பும், ஆனால் மழையில் வழுக்கும். வயதானவர்கள் துணி காயப்போட ஏறும் மாடி என்றால் யோசித்துச் செய்யுங்கள். எந்த வெள்ளையும் அழுக்கானால் பலன் குறையும். கோடை தொடங்கும்போது ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும், தொட்டி நிரம்பி வழிந்து பாசி பிடிக்காமல் பார்ப்பதும் போதும்.

கூரைக்கு அடுத்தது மேற்குப் பக்க ஜன்னல். இங்கே உள்ளே தொங்கும் திரைச்சீலை அதிகம் உதவாது. வெயில் கண்ணாடியைத் தாண்டியதுமே சூடு உள்ளே வந்துவிட்டது. மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ, எதுவானாலும் வெளிப்பக்கம் கட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஃபேனுக்கு வரலாம். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட்டுக்குப் பக்கத்தில். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும், மூன்று ஃபேனுக்கு 120. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும் என்பதால், அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 120 யூனிட் பெரிய தொகை. பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது, உள்ளே இருக்கும் மின்னணு போர்டு கெட்டுவிடும். எலெக்ட்ரீஷியனிடம் ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தளம் குளிர்ந்த வீட்டில் ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் தூங்க முடியும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று அவசரப்பட்டுப் பேனலை ஏற்றிவிட்டு, அடுத்த வருடம் அதன் அடியில் குனிந்து ஒழுகல் தேடுபவர்கள் உண்டு. முதலில் விரிசலும் மூலைகளும். பிறகு பேனல் கால்களுக்கான கான்கிரீட் கட்டைகள். தளத்தைத் துளைத்து போல்ட் போடாமல் மேலேயே வார்க்கச் சொல்லுங்கள். கட்டைகள் காய்ந்த பின் அவற்றின் அடியோரம் வரை சேர்த்து வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல்தான் ஸ்டாண்டும் பேனலும்.